வரேன்னு சொன்னாரே

புயல் கரையைக் கடந்த பிறகும் மழை விடவில்லை. தாம்பரம் முழுக்க முழங்கால் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்துக்கு வந்துவிட்டது. ஆனால் சுவிசேஷமுத்து வீட்டுத் தோட்டத்தில் வேரோடு சாய்ந்த தூங்குமூஞ்சி மரத்தின் குழியில் மட்டும் ஒரு சொட்டு ஈரமில்லை.

அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. ரயில்வே ஆபீஸில் ஹெட்கிளார்க்காக இருந்து ரிடையரானவர்; சர்ச் கமிட்டியில் மூத்தவர்; ஊரப்பாக்கம் வரைக்கும் எந்தச் சாவு வீட்டிலும் முன்வரிசை நாற்காலி அவருக்கென்றே காலியாக இருக்கும். அங்கே அவருக்கு ஒரே வேலைதான். எவனாவது இளவட்டம் வாய்தவறி "போயிட்டு வரேன்" என்று கிளம்பினால் கேட்டருகில் மடக்கிப் பிடிப்பார். "சாவு வீட்டுல வரேன்னு சொல்லக் கூடாதுன்னு தெரியாது? மூடநம்பிக்கை இல்லப்பா. எட்டிகெட்!"

மரத்துக்கும் பிரசங்கம் வைத்திருந்தார். அறுக்க வந்த அப்பாதுரையையும் அவன் மச்சான் குப்புராஜையும் நிற்க வைத்து, குடையை நீட்டிக்காட்டிச் சொன்னார்: "கிளையெல்லாம் முதல்ல. அடிமரம் கடைசியில. அதை அறுத்ததும் பாரம் போயிடும். வேர்க்கட்டை அப்படியே நிமிர்ந்து குழியில உட்கார்ந்துடும். நடுவுல எவன் இருந்தாலும் சட்னி. அதனால, ஒண்ணு, கட்டையைக் கயித்தால கட்டணும். ரெண்டு, குழிக்குள்ள யாரும் இறங்கக் கூடாது."

"இத்தையே எத்தினி தபா சொல்லுவ சார்?" என்றான் அப்பாதுரை. "நான் இன்னா, உள்ள குடித்தனமா போவப் போறேன்?"

கயிறு கட்டினார்கள். கிளைகள் விழுந்து விறகாக அடுக்கப்பட்டன. மத்தியானம் இருவரும் டீக்கடைக்குப் போனபோது, கயிற்றை மேற்பார்வை பார்க்க சுவிசேஷமுத்து குழியோரம் வந்தார். ஆளுயரத்துக்கு மேல் எழுந்து நின்ற வேர்வட்டத்தின் நிழல் குழியை மூடியிருந்தது. அதற்குள்ளிருந்து வந்தது மண்வாசனை அல்ல. சாம்பிராணி, வாடிய ரோஜா மாலை, ஜன்னல் சாத்திய அறையில் வெகுநேரம் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தின் வியர்வை. கூடவே தொண்டையைச் செருமும் சத்தம், யாரோ யாருக்கோ தாழ்ந்த குரலில் ஆறுதல் சொல்லும் சத்தம். அவருக்கு மிகப் பழகிய சத்தம். கால் தானாக ஒதுங்கி நின்றது, முகம் தானாகத் துக்கம் கொண்டாடியது, தலை கௌரவமாக ஒருமுறை அசைந்தது. திரும்பும்போது, அத்தனை வருஷம் ஊரார் நாக்கைக் காவல் காத்தவரின் நாக்கு காவலை மீறியது.

"சரி, போயிட்டு வரேன்."

உள்ளே பேச்சு நின்றது.

"வாங்க," என்றார்கள். பல பேர். மரியாதையாக.

டீ குடித்துவிட்டு வந்த அப்பாதுரை, வெளுத்துப் போன முகத்தோடு கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த சுவிசேஷமுத்துவைப் பார்த்தான்.

"காலைல கட்டுன்னு உயிர வாங்கின. இப்ப நீயே அவுக்கிற?"

"சீக்கிரம் அறுங்கப்பா. அந்தக் குழி மூடணும். இருட்டறதுக்குள்ள."

ரம்பம் இழுபட்டது. வாங்க, வாங்க என்றே அவர் காதில் விழுந்தது. மனைவி ரத்தினபாய் அடுப்படி ஜன்னலில் தலையை நீட்டினாள். "என்னங்க, தோட்டத்துல யாரோ உங்களைப் பத்திப் பேசறாங்களே. 'வரேன்னு சொன்னாரே, இன்னும் காணோமே'ன்னு. யாரைக் காக்க வச்சிருக்கீங்க?"

அவர் ரம்பக்காரர்களைப் பார்த்து, "சீக்கிரம், சீக்கிரம்" என்றார். குடையைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் அடிமரம் அறுபட்டுத் தரையில் விழுந்தது. அறுத்துப் போட்ட கிளைகளில்கூட இலைகள் ஜோடி ஜோடியாகக் கூம்பிக்கொண்டன. வேர்க்கட்டை மட்டும் நிமிரவில்லை. பாரம் இல்லை, கயிறு இல்லை, ஆனாலும் சாய்ந்தபடியே நின்றது. குப்புராஜ் எட்ட நின்று கடப்பாரையால் நெம்பினான். அசையவில்லை.

"இன்னா சார் இது," என்றான் அப்பாதுரை. "ஆளு வரட்டும்னு காத்துகினு கீதா?"

குப்புராஜ் சிரித்தான். அப்பாதுரை ரம்பத்தைத் தோளில் போட்டான். "காலைல வந்து பாக்கலாம். வரேன் சா..."

சுவிசேஷமுத்து பாய்ந்து அவன் வாயைப் பொத்தினார். "சொல்லாதே! அந்த வார்த்தையைச் சொல்லாதே!"

சாருக்கு மூளை கயண்டுகிச்சு என்று பேசிக்கொண்டே அவர்கள் போனது வேலிக்கப்பால் தேய்ந்தது. அப்புறம் தவளைச் சத்தம். அதுவும் நின்றது.

"என்னங்க."

ரத்தினபாயின் குரல். குழிக்குள்ளிருந்து.

"அடுப்புக்குச் சிராய் பொறுக்கலாம்னு இறங்கிட்டேன். ஏற முடியலை. கை குடுங்களேன்."

கட்டை எந்த நிமிஷமும் நிமிரலாம். அது அவர் சொன்ன விதி. அதன் கீழே அவள். குடையை எறிந்துவிட்டு ஓடினார், குழிச்சரிவில் உட்கார்ந்தபடியே சறுக்கினார், இருட்டுக்குள் கையை நீட்டித் துழாவினார். ஒரு கை அவர் கையைப் பற்றியது.

"வந்துட்டேன் ரத்தினபாய், எழுந்திரு, எழுந்திரு..."

மேலே, வீட்டுக்குள்ளிருந்து, டம்ளர் வைக்கும் சத்தம்.

"என்னங்க! காபி ஆறுது. எங்க போயிட்டீங்க?"

கை விடவில்லை.

தலைக்கு மேல் வேர்கள் முனகின. மண் உதிர்ந்தது. கழுத்தில். கண்ணில். வானம் ஒரு பட்டையாயிற்று. பிறகு ஒரு கோடு.

அந்தக் கோட்டு வெளிச்சத்தில் பார்த்தார். குழியின் மண்சுவரோரமாகச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். முக்காடு போட்டவர்கள். கைகட்டியவர்கள். அவரைப் பார்த்ததும் பாய் சரசரக்க நகர்ந்து இடம் விட்டார்கள்.

முன்வரிசையில் அல்ல.

நடுவில்.