கொண்டாந்து விட்டது யாரு

வினோஜன் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக்கு நடுவே போகும் படிகளில் ஏறி, தோட்டத் தொழிலாளர்களின் லயத்துக்கு வந்து சேர்ந்தபோது பகல் இரண்டு மணி. அதற்குள் பனி இறங்கி எதிர் மலையைத் துடைத்துவிட்டிருந்தது. ஒட்டிக்கொண்டு நின்ற பன்னிரண்டு வீடுகளில் எது பிரேமினியின் வீடு என்று தெரியாமல், கணினிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான்.

பிரேமினி ஆறாம் வீட்டு வாசலில் நின்று அவனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கூப்பிடவில்லை. தேடட்டும் என்று விட்டாள்.

நேரில் வருகிறேன் என்று முகநூலில் செய்தி அனுப்பியிருந்தான். சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்தாள். அவள் எழுதியது அப்படி.

படமில்லாமல், சத்தமில்லாமல், வெறும் எழுத்தாலேயே நடக்கும் கணினி ஆட்டங்கள் மீது அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. ‘நீ ஒரு வாசலில் நிற்கிறாய்’ என்று திரை சொல்லும். ‘வடக்கே போ’ என்று நாம் எழுதினால் போகும். கீறல் விழுந்த போனிலும் ஓடும், டேட்டா தின்னாது. அந்தத் தோட்டத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள், வேலை கிடைக்காத இரண்டு வருசமாக இந்த ஆட்டங்களைப் பற்றித்தான் முகநூலில் எழுதி வந்தாள். பூசி மெழுக அவளுக்கு வராது. வழி தெரியாமல் சுற்றவிடும் ஆட்டம் சோம்பேறி எழுதியது. மூன்று பொருளுக்கு மேல் தூக்க விடாத ஆட்டம் கஞ்சன் எழுதியது. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலைக் காதில் வாங்காத ஆட்டத்தை எழுதியவன் கையில் மண்வெட்டியைக் கொடுத்து மலைக்கு அனுப்ப வேண்டும். இந்த ரகம்.

வினோஜன் எழுதிய ஆட்டத்தின் பெயர் ‘சரிவு’. அடைமழை நாளில், மலை சரிந்து விழுவதற்குள், ஒரு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு லயத்திலிருந்து ரோட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். நுவரெலியா கடைவீதியில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் வீட்டுப் பையன் லயத்தைப் பற்றி எழுதியிருக்கிறான் என்று தெரிந்ததுமே அவளுக்கு வயிறு எரிந்தது. இப்படி எழுதினாள்:

‘குழந்தை வெறும் சுமை. தூக்கிக்கொண்டு ஏறவும் முடியவில்லை, தாண்டவும் முடியவில்லை. பிள்ளைக்காம்பராவில் இறக்கிவிட்டேன். அங்கே இருக்கும் ஆயா, நாம் என்ன எழுதினாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறாள். கடைசிவரை ஆடிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. எழுதத் தெரியாதவர்கள் எங்கள் சாவுகளையாவது விட்டுவைக்கலாம்.’

கடைசிவரை ஆடினேன் என்பது பொய். ஆயா மறுபடி கேட்ட இடத்திலேயே அவள் போனை அணைத்துவிட்டாள்.

“இங்கதான், வா தம்பி,” என்றாள் இப்போது. “திட்டணும்னா உக்காந்து திட்டு. அம்மா மஸ்கெலியாவுக்குப் போயிருக்காங்க, நாலு மணிக்கு முன்ன வர மாட்டாங்க.”

“திட்ட வரலக்கா.” அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். உதடு வெளிறியிருந்தது. “ஒண்ணு கேக்கணும். பிள்ளைக்காம்பரான்னா என்னக்கா?”

அவள் சிரித்தாள். “நல்லா இருக்கு. லயத்தப் பத்தி ஆட்டம் எழுதத் தெரியுது. கொழுந்து எடுக்கப் போற பொம்பளைங்க கைப்பிள்ளைய விட்டுட்டுப் போற எடம் தெரியல. ஒரு ஆயா இருந்து பாத்துக்குவாங்க. நீதானே எழுதியிருக்க?”

“நான் எழுதலக்கா.”

“பின்ன?”

“நான் எழுதினது ஒரு பூட்டுன மண்டபம். கதவு தொறக்காது. உள்ள ஆளே கெடையாது. அந்தப் பேரையே உங்க பக்கத்துலதான் மொத தடவ பாத்தேன்.”

அவன் கணினியைத் திறந்து தான் எழுதிய வரிகளையெல்லாம் விரித்துக் காட்டினான். ‘ஆயா’ என்று தேடினான்.

ஒன்றுமில்லை என்றது கணினி.

‘பிள்ளைக்காம்பரா’ என்று தேடினான்.

ஒன்றுமில்லை.

“நாப்பது தடவ ஆடிப் பாத்துட்டேன். மண்டபம் பூட்டித்தான் இருக்கு. வேற யாருக்கும் ஆயா வரல. நீங்க ஒருக்கா ஆடிக் காட்டுங்கக்கா. எங்க தப்புன்னு தெரியாம எனக்குத் தூக்கம் வருதில்ல.”

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஊருக்கெல்லாம் தைரியம் சொல்கிறவள், கடைவீதிப் பையன் முன்னால் எப்படிச் சொல்வாள்? கணினியை மடியில் வைத்துக்கொண்டாள்.

‘பிள்ளையை எடு’ என்று எழுதினாள். ‘கிழக்கே போ.’ ‘இறங்கு.’ மறுபடி ‘இறங்கு.’

திரையில் வரிகள் ஒவ்வொன்றாக வந்தன. அவசரமில்லாமல் வந்தன.

*நீ பிள்ளைக்காம்பராவின் வாசலில் நிற்கிறாய். சாக்கு விரித்திருக்கிறது. கம்பியில் ஆறு தொட்டில்கள் தொங்குகின்றன. நான்கில் பிள்ளைகள் தூங்குகிறார்கள்.*

வினோஜன் பின்னால் எட்டிப் பார்த்தான். அவன் மூச்சு நின்றது அவளுக்குக் கேட்டது.

வீட்டுக்குள் வாசனை வந்தது. ஈரத் துணி, பால்மா, அரைத்த வசம்பு.

அந்த வீட்டில் பதினைந்து வருசமாகக் கைப்பிள்ளை இல்லை.

*ஆயா உன்னிடம் கேட்கிறாள்: “யாரு கொண்டாந்து விட்டது?”*

பிரேமினி கணினியை மடியோடு அழுத்திப் பிடித்தாள்.

“ஆஃப் பண்ணுங்கக்கா,” என்று கிசுகிசுத்தான் வினோஜன்.

“நீ வெளியில போய் நில்லு.”

“அக்கா...”

“போன்னா போ தம்பி. இது உனக்கில்ல.”

அவன் போனான். கதவைச் சாத்தவில்லை. பனி நிலைப்படிவரை வந்து நின்றது.

அந்த ஆயாவின் பெயர் மீனம்மா. இதே தோட்டத்தின் பிள்ளைக்காம்பராவில் இருபது வருசம் ஆயாவாக இருந்தவள். பதினைந்து வருசத்துக்கு முன் ஒரு மழை நாளில் பின்பக்கத்து மண்மேடு இடிந்து விழுந்தபோது, நான்கு பிள்ளைகளை வெளியே தள்ளிவிட்டு ஐந்தாவது பிள்ளையை எடுக்க உள்ளே ஓடினாள். இருவருமே மண்ணுக்குள் போனார்கள். அந்த ஐந்தாவது பிள்ளை பிரேமினியின் தம்பி, ஒன்பது மாதத் திலக்ஷன்.

அன்று அவன் அங்கே இருந்திருக்கவே கூடாது. அவனுக்குக் காய்ச்சல். “மழையில வெளிய தூக்காத, இன்னைக்கு நீயும் ஸ்கூலுக்குப் போகாத,” என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா ரத்னா கொழுந்து எடுக்க மலைக்குப் போயிருந்தாள். பத்து வயதுப் பிரேமினிக்கு அன்று புலமைப்பரிசில் மாதிரிப் பரீட்சை.

பிணங்களை எடுத்த அன்று மாலை, எல்லாரும் சுற்றி நின்று கேட்டபோது அவள் சொன்னாள்: “ஆயாம்மாவே வந்து தூக்கிட்டுப் போனாங்க.”

அவ்வளவுதான். ஒரே ஒரு வரி.

தோட்டத்துக்குப் பிள்ளைகளின் தலைக்கணக்கைக் கூட்டிக் காட்டுவதற்காகக் காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிப் போய்க் கொன்றவள் என்று மீனம்மாவுக்குப் பெயர் வந்தது. நான்கு பிள்ளைகளைக் காப்பாற்றியதை யாரும் பேசவில்லை. மீனம்மாவின் புருசன் கந்தப்பன் கீழ் லயத்தில் தனியாக இருக்கிறார். அவரை யாரும் கல்யாணம் காட்சிக்குக் கூப்பிடுவதில்லை. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு அவர் வந்தால், அம்மா பாதிக் குடத்தோடு விலகி நடப்பாள், தரையில் துப்பிவிட்டு. பிரேமினி அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தாள், பார்த்துக்கொண்டே படித்தாள், பார்த்துக்கொண்டே பட்டம் வாங்கினாள். கூலி உயர்வுக்கும் காணி உரிமைக்கும் ஆயிரம் பேர் படிக்க எழுதினாள். இந்த ஒரு வரியை மட்டும் திருத்தவில்லை.

*“யாரு கொண்டாந்து விட்டது?”*

‘நீங்கள்தான் வந்து எடுத்துப் போனீர்கள்’ என்று எழுதினாள். போன தடவையும் இதையேதான் எழுதியிருந்தாள்.

*“யாரு கொண்டாந்து விட்டது?”*

கூரைத் தகரத்தில் டொக், டொக் என்று ஏதோ விழுந்தது. மழை இல்லை.

மண்.

பொடி மண், கூரையில் கொஞ்சம் கொஞ்சமாக.

வெட்கம் என்பது சூடாக இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். இல்லை. அது ஈரமாக, கனமாக, முழங்காலிலிருந்து மேலே ஏறியது. அவள் ஒரே சொல்லை எழுதினாள்.

‘நான்.’

பிறகு ஆயா அடுத்த கேள்வி கேட்டாள்.

*“அம்மா விடச் சொன்னாங்களா?”*

பிரேமினி வாயைப் பொத்திக்கொண்டாள்.

இதை யாரும் அறிய மாட்டார்கள். வினோஜன் அறிய வழியே இல்லை. அன்று வாசலில் மீனம்மா பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இம்புட்டுக் காயுது, நான் எடுக்க மாட்டேன் பாப்பா, வீட்டுக்குத் தூக்கிட்டுப் போ,” என்று சொன்னாள். “அம்மாதான் விடச் சொன்னாங்க,” என்றாள் பிரேமினி. சாக்கில் தம்பியைக் கிடத்தினாள். அவன் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டுப் படியில் ஓடினாள். பின்னால் மீனம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

அந்தப் பரீட்சையில் அவள்தான் முதலாவது.

‘இல்லை’ என்று எழுதினாள். எழுத்து தண்ணீரில் மிதந்தது. ‘சொல்லவில்லை. பொய் சொன்னேன். அப்புறமும் பொய் சொன்னேன்.’

கூரையில் விழுந்தது நின்றது.

*“கொண்டாந்தவங்க கையிலதான் திருப்பிக் குடுப்பேன். அதான் இவ்வளவு நாளா வச்சிருந்தேன்,” என்கிறாள் ஆயா. “இந்தா, பிடி.”*

*நீ வைத்திருப்பவை: பிள்ளை.*

அதற்குக் கீழே ஒன்றும் வரவில்லை. அவள் எழுதினாலும் திரை வாங்கவில்லை.

வினோஜன் தலையை நீட்டினான். “முடிஞ்சிச்சாக்கா?”

“உன் ஆட்டத்துல தப்பு ஒண்ணும் இல்ல தம்பி. என்னுதுலதான்.” கணினியை அவன் கையில் கொடுத்தாள். “நான் எழுதினத அழிச்சிடுறேன். நான் கடைசிவரைக்கும் ஆடலங்கிறதையும் எழுதிப் போடுறேன். மூணு மணி பஸ்ஸுக்குப் போய்டு.”

அவன் மேலே ஒன்றும் கேட்காமல், கும்பிடுவது போலத் தலையை ஆட்டிவிட்டு இறங்கினான். பாதிப் படியில் பனி அவனை விழுங்கியது.

அம்மா வருவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பிரேமினி சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு கீழ் லயத்துக்கு நடந்தாள். நூறு அடிகூட இல்லாத பாதை அது. பாதி வழியில் நின்று இளைப்பாற வேண்டியிருந்தது. இடது கை மரத்துப்போனது. இடுப்பை ஒரு பக்கமாக ஒடித்து நடந்ததை அவள் கவனிக்கவில்லை.

கந்தப்பன் வாசலில் உட்கார்ந்து, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். ரத்னா மகள் தன் வாசலுக்கு வந்து நிற்பதைப் பார்த்ததும் கை நின்றது.

“தாத்தா, ஒண்ணு சொல்லணுங்க.”

அவர் கத்தியின் வாயைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார்.

“எந்தம்பிய ஆயாம்மா வந்து தூக்கிட்டுப் போகலீங்க. நான்தான் கொண்டுபோய் விட்டேன். அவங்க எடுக்க மாட்டேன்னு சொன்னாங்க. அம்மா சொன்னாங்கன்னு பொய் சொல்லி விட்டுட்டு ஓடிட்டேன். அப்புறம் எல்லாருகிட்டயும் அவங்க மேலயே போட்டுட்டேன்.” மூச்சு வாங்கியது. “மன்னிக்கச் சொல்ல வரலீங்க. சொல்லத்தான் வந்தேன்.”

கந்தப்பன் கத்தியைக் கீழே வைத்தார். கல்லில் இருந்த தண்ணீரைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். அவள் அடியை எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஒங்கம்மாகிட்ட சொல்லிட்டியா?”

“இன்னும் இல்லீங்க.”

“எம் பொஞ்சாதி பேரச் சொல்லித் துப்புறவ அவ. அவகிட்டதான் மொதல்ல சொல்லியிருக்கணும்.”

“ஆமாங்க.”

“போய்ச் சொல்லு. பீலியில வச்சிச் சொல்லு, நாலு பேரு கேக்கட்டும்.”

“சரிங்க.”

அவள் திரும்பினாள். இரண்டு அடி வைத்திருப்பாள்.

“பாப்பா.” குரலில் கோபம் இல்லை. சாதாரணமாக, அக்கம்பக்கத்து ஆளிடம் சொல்வது போல் இருந்தது. “இந்தப் பனியில அப்புடியேவா தூக்கிட்டுப் போற? தலையோட மூடு. காய்ச்சல்காரப் பிள்ள.”

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய இடது இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரேமினி குனிந்து பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. தோளில் மட்டும் ரவிக்கை உள்ளங்கை அகலத்துக்கு நனைந்து, கதகதப்பாக இருந்தது.

சால்வையின் முனையை எடுத்து இடது பக்கமாகப் போர்த்தினாள்.

சால்வை தட்டையாக விழவில்லை.