நாற்பதடிக் கல்யாணப் படம்

முதல் வாரப் படத்தில் மாப்பிள்ளையின் கைகள் பெண்ணின் தோளில் இருந்தன. மூன்றாவது வாரம் அவை கழுத்துக்கு வந்துவிட்டன.

வரதராஜன் பிரிண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். செவிலிமேடு சாலையில் பட்டுக்கடைக்காரர் வைத்த போர்டு அது. ஊருக்குப் புதிதாக வந்திருந்த பிளெக்ஸில் நாற்பதடிக்கு அடித்திருந்தார்கள். அதில் சிரிப்பது வரதனின் தங்கை கிருஷ்ணவேணி. அவள் பின்னால் நின்று இரு தோளையும் பிடித்திருப்பவன் அவள் புருஷன் ஏகாம்பரம். கல்யாணத்தில் வரதனே எடுத்த படம்தான். புடவை நன்றாக விழுந்திருக்கிறது என்று கடைக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார். போர்டு கிழியாமல் நிற்கிறதா என்று வாராவாரம் படமெடுத்து, போர்டு அடித்த சென்னைக் கம்பெனிக்கு அனுப்புவதும் அவன் வேலையாகிவிட்டது. தங்கச்சியை வீட்டில் போய்ப் பார்க்காவிட்டாலும் போர்டில் வாராவாரம் பார்த்துக்கொள்கிறான் என்று தெருவே கேலி செய்தது.

நேரில் போய் நின்றால் கைகள் தோளில்தான் இருந்தன. கேமராவைக் கண்ணில் வைத்தால் கழுத்தில். போர்டுக்குப் பின்னால் இரண்டாவது தெருவில்தான் அவள் வீடு. வண்டியை அங்கே விட்டான்.

கிருஷ்ணவேணி கதவைப் பாதிதான் திறந்தாள். அந்தப் புழுக்கத்திலும் முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துவிட்டிருந்தாள்.

“கழுத்துல இன்னாமா?”

“கொசு கடிச்சிதுண்ணா.” குரல் கட்டிப்போயிருந்தது.

“கெளம்பு. நம்ம வூட்டுக்குப் போலாம்.”

“மெதுவாப் பேசுண்ணா. அவரு உள்ளதான் இருக்குறாரு. நீ போ.”

உள்ளே ஓடிக்கொண்டிருந்த டிவி சட்டென்று அணைந்தது. அவள் கதவைச் சாத்திவிட்டாள்.

அப்போதே கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போயிருக்க வேண்டும். ஏகாம்பரத்தின் முன்னால் நிமிர்ந்து நிற்க வரதனுக்கு என்றைக்குமே தைரியம் வந்ததில்லை. ஆளிடம் காட்டாத வீரத்தைப் படத்திடம் காட்டப் போனான்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பிளெக்ஸ் மாட்டுவதற்காகக் கட்டிய சவுக்குச் சாரம் போர்டின் முன்னால் பிரிக்காமல் நின்றது. ஏறுவதற்கு முன் ஒருமுறை கேமராவில் பார்த்தான். ஏகாம்பரத்தின் விரல்கள் அவள் தொண்டைக்குழிக்குள் புதைந்திருந்தன. சிரிப்பு மாறவில்லை. கண்கள் மட்டும் பிதுங்கியிருந்தன.

ஏறினான். பகல் முழுக்க வெயில் வாங்கிய பிளெக்ஸ் கருகின ரப்பராக நாறியது, பாலாற்றுப் பக்கமிருந்து காற்று வரும்போதெல்லாம் அந்த அகலப் பரப்பு உள்ளே ஒடுங்கி வெளியே உப்பியது, பின்னால் இரும்புச் சட்டங்களுக்குள் எங்கோ ஒரு கரகரப்பு விட்டுவிட்டுக் கேட்டது. அவ்வளவு கிட்டத்தில் முகமும் இல்லை, கையும் இல்லை. மஞ்சளும் சிவப்புமாக வெறும் புள்ளிகள். எது அவன் விரல், எது அவள் தோல் என்று அவனுக்குப் புரியவில்லை.

“யோவ், யார்யா அது மேல?” என்று சாலையில் போகிற எவனோ கத்தினான்.

கரகரப்பு உரத்தது. பெண் குரல்.

பிரிண்ட் வெட்டுகிற கத்தியை எடுத்தான். குத்தினான். இழுத்தான். ஒரு விரல்கூட மிஞ்சக் கூடாது. அகலமாகவே வெட்டினான். மேலே ஒரு கோடு. கீழே ஒரு கோடு. பிளெக்ஸ் இறைச்சி மாதிரி எதிர்த்தது. கத்தி வழுக்கியது. ஈரம். முழங்கை வரை சூடான ஈரம்.

துண்டு கழன்று கீழே விழுந்தது. கரகரப்பு நின்றது.

அவன் தரையில் கால் வைத்தபோது போர்டு விளக்குகள் எரிந்தன. கைகள் சிவப்பாக இருந்தன. அண்ணாந்து பார்த்தான். மாப்பிள்ளைக்கு மணிக்கட்டோடு சரி, அதற்கப்புறம் கையே இல்லை. “வுட்டுட்டான்” என்று சொல்லிச் சிரித்தான். அப்புறம்தான் கவனித்தான். பெண்ணுக்குக் கழுத்தும் இல்லை.

ஓடினான்.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. கூடத்தில் ஏகாம்பரம் மண்டியிட்டிருந்தான். கையில்லாத இரண்டு மணிக்கட்டுகளையும் வயிற்றில் அழுத்திக்கொண்டு, வாய் பிளந்து, சத்தமே வராமல் அலறினான். தரையெல்லாம் ரத்தம்.

கிருஷ்ணவேணி சுவரோரம் நின்றிருந்தாள். முந்தானை நழுவியிருந்தது. கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் நேராக வெட்டிய சதுரம். அதன் வழியாகப் பின்சுவரின் பச்சைச் சுண்ணாம்பும் ஸ்விட்ச் போர்டும் தெரிந்தன. அதற்கு மேலே, எதன் மீதும் நிற்காமல், அவள் முகம். கண்கள் வாசல் பக்கம் திரும்பின. அவனைக் கண்டதும் உதடுகள் ‘அண்ணா’ என்று அசைந்தன.