தொண்ணூற்றிரண்டு வாங்கிய பிலோமினா

பிலோமினாவின் மணிக்கட்டில் நலமானி தொண்ணூற்றிரண்டு என்று காட்டியதும், அதிகாரி குமரகுருபரனுக்கு முகமே சுருங்கிப் போயிற்று.

"அம்பதைத் தாண்டினா குறை இல்லைன்னு சட்டம்மா. மிதவை நாற்காலியைத் திருப்பிக் குடுத்துருங்க."

டாக்டர்கள் கையையும் காலையும் பார்த்துக் குறை சொன்ன காலமெல்லாம் மலையேறிவிட்டது. இப்போது நலமானி நாடியையும் ரத்தத்தையும் படித்து, ஆள் எவ்வளவு நலமாக வாழ்கிறார் என்று நூற்றுக்கு ஓர் எண் போட்டுவிடும். ஐம்பதுக்குக் கீழே இருந்தால்தான் அரசு உதவி.

பிலோமினாவுக்குப் பிறவியிலேயே கால்கள் நடக்காது. அதனாலென்ன? தூத்துக்குடித் துறையில் படகுக்குப் படகு காற்றில் மிதந்துபோய் மீன் ஏலம் கூவ அவளை விட்டால் ஆளில்லை. நாற்காலி போனால் அந்த ஏலமும் போய்விடும்.

"சார், இது இருக்கப்போய்த்தான அந்த நம்பரே வருது! எறக்கிவிட்டுப் பாருங்க."

இறக்கினார். நாற்பத்தொன்று. 'நாற்காலி தரலாம்' என்று கையெழுத்துப் போட்டார். ஏற்றினார். தொண்ணூற்றிரண்டு. கையெழுத்தை அடித்தார். மூன்று தடவை ஏற்றி இறக்கியதில் அவருக்கு மூச்சு வாங்கியது. சுற்றி நின்ற மீன்காரிகளுக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கருவிதான் கெட்டுப்போச்சு," என்று முணுமுணுத்தபடி, சோதித்துப் பார்க்க அதைக் கழற்றித் தன் கையிலேயே மாட்டிக்கொண்டார். மாட்டினால் பதிவாகிவிடும் என்பதை மனுஷர் மறந்தே போனார்.

இருபத்தொன்று.

"குறை உறுதி. நாற்காலி இவருக்கு," என்றது நலமானி.

"வெக்கப்படாம ஏறுங்க சார்!" என்று கத்தினாள் ஒரு மீன்காரி.

வேறு வழியில்லாமல், காலியாகக் கிடந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். அப்போதும் இருபத்தொன்றுதான்.

பிலோமினாவுக்குப் பாவமாகிவிட்டது. "ஏன் சார், காலு ரெண்டும் நல்லாத்தான இருக்கு? காலைல ஏதும் சாப்டீங்களா?"

"பதினாறு வருஷ சர்வீஸ்ல என்னைய யாரும் இப்படிக் கேட்டதில்லம்மா."

எண் இருபத்தெட்டுக்கு ஏறியது. நலமானி உடனே உத்தரவை மாற்றியது.

"நாற்காலியால் பயனில்லை. இவருக்குத் தேவை துணையாள். தினமும் ஒரு மணி நேரம். அருகில் நலம் மிகுந்தவர் பிலோமினா. துணையாள் வந்துபோக மிதவை நாற்காலி வழங்கப்படும்."

குமரகுருபரன் எழுந்து, அவளை மறுபடி தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்.

"விடியக்காலம் அஞ்சு மணிக்குத் துறைக்கு வந்துருங்க," என்றாள் பிலோமினா. "ஏலம் முடிஞ்ச பொறவுதான் உங்களைக் கவனிக்க முடியும். அதுவரைக்கும் கூடை தூக்குங்க."