ஐந்நூற்று எழுபத்திரண்டு முறை நலம்

செண்பகவடிவின் மணிக்கட்டில், உடல்நலம் பார்க்கும் கருவியான மெய்க்காணி சிவப்பாக எரிந்தது. நிலவுக்குக் கப்பல் நாளைக் காலை. விட்டால் அடுத்தது ஆறு வருஷம் கழித்து. தேரிக்காட்டு விண்துறையில் அவளுக்குப் பின்னால் அறுபது பேர் வரிசையில் நின்றார்கள்.

"ஏறக் கூடாதுங்குதுக்கா," என்றாள் பரிசோதனை அதிகாரி ஜெசிந்தா, அது நீட்டிய சீட்டைப் பார்த்தபடி. "வேலட்யூடினரியாம். எனக்கே இந்தச் சொல்லு புதுசு."

"அப்படின்னா என்னன்னு அதுட்டயே கேளு."

நோய்க்குப் பெயர் வைத்தால் பொருளும் வேரும் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். மெய்க்காணி சொன்னது:

"உடல்நலமே ஓயாத நினைப்பாக உள்ளவர் என்று பொருள். லத்தீனில் வலேரே என்றால் நலமாக இருத்தல். அதிலிருந்து வலேடூடோ, உடல்நிலை. நாளடைவில் நோய்நிலைக்கும் அதுவே பெயராயிற்று. கணவருக்கு நீங்கள் எழுதிய ஐந்நூற்று எழுபத்திரண்டு கடிதங்களும் 'நான் நலம், தங்கள் நலமறிய ஆவல்' என்றே தொடங்குகின்றன."

உடன்குடிப் பள்ளியில் தேதி, விளி, நலம், செய்தி என்று வரிசை பிசகாமல் கற்றவள் அவள். நிலவுச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போன ஆவுடையப்பனுக்குப் பதினோரு வருஷமாக வாரம் ஒரு கடிதம், அந்த வரிசையில்தான்.

"வேற எப்படித் தொடங்குவாக?"

"ரோமர்களும் 'நீ நலமெனில் நன்று, நான் நலம்' என்றே தொடங்கினார்கள். அதிலும் இதே வலேரேதான்."

"அப்ப அவுக எல்லாருக்கும் இந்தச் சீக்குதானா?"

"அது மரியாதை. அவர்களிடம் மெய்க்காணி இல்லை. உங்கள் கணவரின் நலத்தை நிமிஷத்துக்கு ஒருமுறை நான் காட்டுகிறேன். பிறகும் கேட்கிறீர்கள்."

"அது நீ சொல்லுதது. அவுக சொல்லணும்லா." செண்பகவடிவு பையைக் கீழே வைத்தாள். "சரி, ஒண்ணொண்ணாக் கேக்கேன். எங்க நலத்தை ஒரு நாளைக்கு எத்தனை தரம் பாக்கே?"

"ஆளுக்கு ஆயிரத்து நானூற்று நாற்பது தடவை."

"நடுவுல வேற நினைப்பு உண்டா?"

"இல்லை."

ஜெசிந்தா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். மெய்க்காணி செண்பகவடிவின் சீட்டை ரத்து செய்து இன்னொன்றை நீட்டியது. அதே சொல். நோயாளி: மெய்க்காணி. பரிந்துரை: முழு ஓய்வு. எல்லார் மணிக்கட்டிலும் விளக்கு அணைந்தது.

இனி ஒவ்வொருவரையும் ஜெசிந்தாதான் விசாரிக்க வேண்டும். அவளுக்குப் பழக்கமில்லாத வேலை.

"நல்லா இருக்கியளாக்கா?"

"நல்லா இருக்கேன். நீ எப்படி இருக்கே?"

ஜெசிந்தா பேனாவை மூடினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் பதில் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. வரிசையில் இன்னும் அறுபது பேர் இருந்தார்கள்.

கப்பல் ஒன்பது நாள் தாமதமாகப் புறப்பட்டது. சன்னலோர இருக்கையில் அமர்ந்து செண்பகவடிவு ஐந்நூற்று எழுபத்து மூன்றாம் கடிதத்தை எழுதினாள். தேதி, விளி, 'நான் நலம், தங்கள் நலமறிய ஆவல்'. அதன்பின் செய்தி: 'வரச் சுணங்கியதற்குக் கோபிக்க வேண்டாம். எல்லாரும் நலம் விசாரித்துக்கொண்டிருந்தோம்.'