உள்ளிருந்து மட்டுமே திறக்கும்

அந்த வீட்டுக்கு நான் முதலில் போனது அளவெடுக்கத்தான். பழைய வீடு. பகலிலேயே நடையில் விளக்குப் போட வேண்டும். படிக்கட்டுக்கு அடியில் தட்டுமுட்டுச் சாமான் கிடந்த அறையைக் காலி செய்து, திருடர்கள் வந்தால் குடும்பத்தோடு ஒளிந்துகொள்ளப் பாதுகாப்பு அறையாக மாற்றப்போவதாகச் சொன்னார் வீட்டுக்காரர். அடுத்த தெருவில் கொள்ளை நடந்ததிலிருந்து மனுஷனுக்குத் தூக்கமே போயிருந்தது. உள்ளே ஈரமண் வாசனை அடித்தது. நான் இரும்புக் கதவு செய்கிறவன். வாசனையைப் பற்றிப் பேசுவது என் வேலை இல்லை.

அவர் போட்ட வரைபடத்தில் மூன்று இருக்கைகள் இருந்தன. அவருக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, சின்ன மகளுக்கு ஒன்று. அந்த வீட்டில் நான்காவதாக ஒருத்தி இருந்தாள். மனைவியின் அக்கா. கணவன் போனபின் தங்கையோடு வந்து தங்கியவள், முழங்கால் மடங்காது, படுக்கை மாடியில். குழந்தையை வளர்த்ததே அவள்தான். அக்கா எங்கே உட்காருவாள் என்று மனைவி கேட்டாள்.

"அவங்க படியிறங்கி வர்றதுக்குள்ள விடிஞ்சிடும்" என்று அவர் சிரித்தார். அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தாள், போக்கிடம் இல்லாதவர்கள் சிரிக்கிற சிரிப்பு.

கதவுக்கு வெளியே பூட்டும் கிடையாது, கைப்பிடியும் கிடையாது. உள்பக்கம் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு தாழ்ப்பாள். அப்படித்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். கதவை மாட்டிய அன்றே மகளை உள்ளே நிறுத்திப் பயிற்சியும் ஆரம்பித்துவிட்டார்.

"வெளியிலேர்ந்து யார் குரல் கேட்டாலும் திறக்கக் கூடாது. கழுத்துல கத்திய வச்சு நம்ம ஆளுங்களையே கூப்பிட வைப்பாங்க. அப்பா குரலா இருந்தாலும் திறக்காதே."

குழந்தை அதைப் பாடம்போல ஒப்பித்தாள்.

சில வாரம் கழித்து ஒரு காலையில் அவரிடமிருந்து போன் வந்தது. மகள் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள், உடனே வந்து கதவை வெட்டுங்கள் என்றார்.

நான் போனபோது கதவுக்கு முன்னால் மண்டியிட்டிருந்தார்.

"பாப்பா, அப்பாதான்டா. திறடா."

உள்ளே குழந்தை மெதுவாகப் பேசினாள்.

"பெரியம்மா, அப்பா குரல்ல கூப்பிடுறாங்க."

யாருக்கோ காது கொடுக்கிற அமைதி.

"சரி. திறக்கல."

நான் கேஸ் கட்டரைப் பற்றவைத்து, கதவின் விளிம்போடு வெட்ட ஆரம்பித்தேன். மனைவி என் பக்கத்தில் நின்று, அழாமல், நடந்ததைச் சொன்னாள். போன வாரம் ஒரு ராத்திரி திருடர்கள் நிஜமாகவே வந்திருக்கிறார்கள். மூவரும் உள்ளே போய்விட்டார்கள். அன்றைக்கு அக்கா எப்படியோ படியிறங்கி வந்து கதவைத் தட்டியிருக்கிறாள். குழந்தையைக் கூப்பிட்டிருக்கிறாள். மனைவி தாழ்ப்பாளில் கை வைத்ததும் அவர் அந்தக் கையை முறுக்கிப் பிடித்துக்கொண்டார். தட்டுகிற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, கதவின் அடியில் வந்து நின்றுபோனது. மறுநாள் காலையில் அவள் உடலைத் தள்ளித்தான் கதவைத் திறக்க வேண்டியிருந்ததாம்.

இரும்பு தீய்கிற நாற்றத்தையும் மீறி ஈரமண் வாசனை வந்தது.

இரண்டாவது தாழ்ப்பாள் அறுந்ததும் கேஸ் தீர்ந்தது. துண்டுகள் இரண்டும் உருண்டு வெளியே விழுந்தன. கதவை இழுத்துத் திறந்தேன்.

குழந்தைக்கு ஒன்றுமில்லை. இருக்கையின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். அவர் உள்ளே பாய்ந்தார். அவள் அவரை ஏறெடுத்தும் பார்க்காமல் விலகி நடந்தாள். வலது கை மட்டும் உயர்ந்திருந்தது, பெரியவர்கள் விரலைப் பிடித்துக்கொண்டு நடப்பதுபோல. நிலையைத் தாண்டியபோது அந்தக் கை கீழே இறங்கியது.

அவள் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே மேல் தாழ்ப்பாள் விழுகிற சத்தம்.

பிறகு கீழ்த் தாழ்ப்பாள்.

இரண்டும் என் காலடியில் கிடந்தன.

வெட்டிய விளிம்பில் விரலைக் கொடுத்து என் பலம் முழுவதையும் போட்டு இழுத்தேன். அசையவில்லை. உள்ளேயிருந்து அவர் கதவை அறைந்தார்.

"ஏய், அந்தாளைத் திறக்கச் சொல்லு. மூச்சு முட்டுது."

மனைவி கதவில் உள்ளங்கையை வைத்தாள். குழந்தை அவள் ஆடையைப் பிடித்து இழுத்து, "யார் குரல் கேட்டாலும் திறக்கக் கூடாதும்மா" என்றாள்.

மனைவி கையை எடுத்துவிட்டாள்.

"இன்னைக்குப் போதும்ணே" என்றாள் என்னிடம். "கேஸ்தான் தீர்ந்துபோச்சே. நாளைக்கு வாங்க."

உள்ளே அறைகிற சத்தம் நின்றது. அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்களிடம் அல்ல. குரல் கதவைவிட்டு விலகி, அறையின் உள்பக்கம் பார்த்துக் கெஞ்சியது. நடுநடுவே நிறுத்தி, பதில் கேட்டுக்கொண்டார்.