கண்ணாடிப் பையில் ஒரு மூட்டை

தையல் மிஷினும் தொலைபேசியும் அந்த வீட்டில் ஒரே நேரத்தில் சத்தம் போட்டதே இல்லை. மணி அடித்தால் போதும், மிதித்துக்கொண்டிருந்த அம்மாவின் கால் அப்படியே நின்றுவிடும். அப்பா ஓடிப்போய் எடுத்து, "இல்ல, வேற யாரோ" என்று தலையாட்டிய பிறகுதான் மிஷின் மறுபடி ஓடும்.

அண்ணன் பட்டாளத்தில் இருந்தான். கடலுக்கு அந்தப் பக்கம், வேறொரு நாட்டில் நடக்கும் போரில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவான். பேசாத ஞாயிறும் உண்டு. அப்படிப்பட்ட வாரத்தில் வீட்டில் யாருக்கும் ஓர் இடத்தில் உட்கார முடியாது. நாளெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு வரும் அப்பா, வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருப்பார்.

"பஸ்ஸை நிறுத்திட்டு வந்துட்டீங்க. உங்களை யாரு நிறுத்தறது?" என்பாள் அம்மா. சொல்லிவிட்டு, மடித்த துணியையே திரும்ப மடிப்பாள்.

அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பதினொரு வயது. அவள் காதோடு காதாகச் சொல்லும் ரகசியம் அடுத்த தெருவரை கேட்கும். அதனால் பள்ளியில் அவளுக்கு 'வெண்கலம்' என்று பெயர். வெண்கலத் தொண்டை!

அந்த வாரம் வெண்கலத்துக்கும் இருப்புக் கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளியில் விவாதப் போட்டி. தலைப்பைச் சரித்திர வாத்தியார் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தார்: 'தூர நாட்டில் போர் செய்தால் நம் தெருவில் குண்டு வெடிக்காது. சரியா, தவறா?'

தலைப்பு வானத்திலிருந்து குதித்துவிடவில்லை. போன வருடம் சந்தைப் பக்கத்துப் பஸ் நிறுத்தத்தில் யாரோ வைத்த குண்டு வெடித்தது. அதற்குப் பிறகுதான் அண்ணனின் படை கப்பலேறியது. பள்ளியிலும் ஒரு புதுச் சட்டம் வந்தது. எல்லோருக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பைதான். உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிய வேண்டும்.

அந்தப் பைகளில் பாதிக்கு மேல் அம்மா தைத்தவை. யார் வீட்டில் பழைய சாப்பாடு, யார் வீட்டுப்பாடம் எழுதவில்லை என்பதெல்லாம் ஊருக்கே தெரிந்துபோயிற்று. வகுப்புத் தோழன் பட்டாணியின் பையில் ஓர் ஒற்றைச் சாக்ஸ் பல மாதங்களாகக் குடியிருந்தது. வாடகைதான் தரவில்லை.

பட்டாணி என்றால் வறுகடாயில் துள்ளும் பட்டாணி. ஒரு நிமிடம் கால் தரையில் நிற்காது. விவாதத்தில் 'சரி' என்று பேச வெண்கலமும் அவனும்தான் ஜோடி.

'தவறு' என்று பேசச் சீட்டு விழுந்தது ஒரு புதுப் பெண்ணுக்கு. அவளோடு ஜோடி சேர ஒருவரும் கை தூக்கவில்லை. காரணம், போர் நடக்கும் அந்த நாட்டிலிருந்து வந்தவள் அவள். இன்னொரு காரணமும் இருந்தது. அவளுடைய கண்ணாடிப் பைக்குள் எப்போதும் ஒரு துணி மூட்டை இருக்கும். தினமும் காலையில் வாசல் காவலாளி அவளை வரிசையிலிருந்து தனியாக நிறுத்தி, முடிச்சை அவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். பார்ப்பவர்களின் கழுத்தெல்லாம் ஒரு முழம் நீளும். ஆனால் காவலாளியின் தொந்தி குறுக்கே நிற்கும். எதுவும் தெரியாது. 'மூட்டைக்காரி' என்ற பெயர் மட்டும் அவளுக்கு நிலைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை பட்டாணி துள்ளிக்கொண்டே வந்தான்.

"வெண்கலம், ஜெயிக்க வழி கண்டுபிடிச்சுட்டேன்! கேள்வி கேக்குற நேரம் வரும்ல? அப்ப 'உன் மூட்டையில என்ன ஒளிச்சு வெச்சிருக்கே?'ன்னு எல்லார் முன்னாடியும் கேளு. அவ திருதிருன்னு முழிப்பா. 'பாத்தீங்களா, ஆபத்து அங்கேருந்துதான் வருது'ன்னு நீ முடிச்சுடு. அவ்ளோதான்!"

வெண்கலத்துக்கு அது என்னவோபோல் இருந்தது. "தலைப்புக்கும் மூட்டைக்கும் என்னடா சம்பந்தம்?"

"ஜெயிக்கணுமா, வேணாமா?"

ஜெயிக்கத்தான் வேண்டும். அவள் தோற்றால், போர் வீண் என்று ஆகிவிடும். போர் வீண் என்றால் அண்ணன் எதற்கு அங்கே இருக்கிறான்? போன ஞாயிறு அவன் பேசவில்லை. தான் இன்று ஜெயித்தால் இந்த ஞாயிறு பேசிவிடுவான் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தாள். அது தப்புக் கணக்கு என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் அழிக்க மனம் வரவில்லை.

"சரி, கேக்கறேன்" என்றாள்.

மதியம் மண்டபம் நிறைந்தது. பைகளெல்லாம் வாசலோரம் குவிந்து கிடந்தன. வெண்கலம் எழுந்தாள்.

"வீட்டுக்குள்ள கொசு. ராத்திரி முழுக்கக் கையைத் தட்டித் தட்டிக் கொன்னா போதுமா? அது முட்டை போடுற சாக்கடைக்குப் போய் மருந்து அடிக்க வேணாமா? நம்ம வீரர்கள் அதைத்தான் செய்யறாங்க. கெட்டவங்களை அவங்க இடத்துலயே தடுத்துட்டா, நம்ம பஸ் நிறுத்தத்துக்கு எப்படி வருவாங்க?"

அவளுக்கு ஒலிபெருக்கியே தேவைப்படவில்லை. கைத்தட்டல் கூரையைத் தொட்டது.

புதுப் பெண் எழுந்தாள். இந்த ஊர்ப் பேச்சு அவளுக்கு நன்றாகவே வந்திருந்தது. படபடப்பாக இருந்தால் மட்டும் சொற்கள் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும்.

"உங்க பஸ் நிறுத்தத்துல குண்டு வெச்சவன்... அவன் இந்த ஊர்லயே பொறந்தவன்னு பேப்பர்ல போட்டிருந்தாங்க. கடலையே தாண்டாதவன். அப்படின்னா கடலுக்கு அந்தப் பக்கம் மருந்து அடிச்சா..."

டமார்!

காற்றில் மண்டபத்துப் பின்கதவு அறைந்து சாத்திக்கொண்டது. அவ்வளவுதான். ஆனால் மேடையில் அவளைக் காணவில்லை. மேசைக்கடியில் இருந்தாள். மண்டபம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவள் வெளியே பாய்ந்து, பைக் குவியலிலிருந்து தன் மூட்டையை உருவிக்கொண்டு வாசல் வழியே ஓடிவிட்டாள்.

"பாத்தியா? மூட்டையோட ஓடறா!" என்று துள்ளினான் பட்டாணி.

வெண்கலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. மேசைக்கடியில் ஒரு நொடி அந்த முகத்தைப் பார்த்திருந்தாள். தொலைபேசி மணி அடிக்கும்போது அம்மாவின் முகம் அப்படித்தான் இருக்கும். அச்சு அசல்.

"சார், நான் போய்க் கூட்டிட்டு வரேன்!" என்று சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் ஓடினாள்.

புதுப் பெண் வேறெங்கும் போகவில்லை. ஒன்றாம் வகுப்பு வாசலில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மூட்டை அவிழ்ந்து கிடந்தது. உள்ளே இருந்தவை ஒரு ஜோடிச் சின்னச் சிவப்புச் செருப்புகள். அவற்றை ஒரு குட்டிப் பையனின் காலில் மாட்டிக்கொண்டிருந்தாள். அவன் கையில் பாதி வரைந்த யானைப் படம்.

"அக்கா, இன்னிக்கும் ஒண்ணும் இல்லையா?" என்றான் அவன் சலிப்பாக.

"இல்லடா. கதவுதான்."

"அப்ப கழட்டு. டீச்சர் வெறுங்காலோடதான் உள்ள உக்காரணும்னு சொல்லியிருக்காங்க. நான் யானைக்கு வால் போடணும்."

அவன் போய்விட்டான். அவள் செருப்புகளைத் துடைத்து, திரும்பவும் துணியில் சுற்றத் தொடங்கினாள். முடிச்சு சரியாக விழவில்லை. வெண்கலம் உட்கார்ந்து துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் தம்பியா?"

"ம். எங்க தெருவுல குண்டு விழுந்தப்போ வெறுங்காலோட ஓடினான். கண்ணாடித் துண்டெல்லாம் ஏறிடுச்சு. காலைப் பாத்துக்கிட்டே ரொம்ப தூரம் தூக்கிட்டு நடந்தேன்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "ஓடறப்போ இவனுக்கு வாசல்ல விட்ட செருப்பு ஞாபகமே இருக்காது. அதான் இன்னொரு ஜோடி நான் வெச்சிருக்கேன். புத்தகத்துல படக்கூடாதுன்னு துணியில சுத்தறேன். அது தப்பா?"

"தப்பே இல்லடி" என்றாள் வெண்கலம். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் குரல் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்டது.

இருவரும் திரும்பி வந்தபோது மண்டபம் தேனீக்கூடுபோல இரைந்துகொண்டிருந்தது.

"அமைதி! இப்ப 'சரி' அணி கேள்வி கேக்கற நேரம்" என்றார் வாத்தியார்.

பட்டாணி அவள் முழங்கையில் இடித்தான். "மூட்டை! மூட்டை!"

வெண்கலம் எழுந்தாள். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். ஒரே ஒரு கேள்வி. கேட்டால் வெற்றி.

"சார், எனக்குக் கேள்வி இல்ல. கதவு சாத்துனதால எதிரணியோட பேச்சு பாதியில நின்னுபோச்சு. என் நேரத்தை அவங்களுக்கே குடுத்துடுங்க."

"அடிப்பாவி!" என்று பட்டாணி தலையில் கை வைத்துக்கொண்டான்.

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். பிறகு, "சரி" என்றார்.

புதுப் பெண் இந்த முறை நிதானமாகப் பேசினாள்.

"எங்க மாமா மிட்டாய்க் கடை வெச்சிருந்தாரு. யாரையும் வெறுக்கத் தெரியாது அவருக்கு. கடை மேல குண்டு விழுந்த பிறகு அவரு சிரிச்சு நான் பாக்கல. எங்க மாமா யாருக்கும் கெடுதல் செய்யமாட்டாரு. ஆனா சிரிப்பு நின்னுபோன எல்லாரும் எங்க மாமா மாதிரியே இருப்பாங்களா? கொசுவுக்கு மருந்து அடிக்கலாம். கோபத்துக்கு அடிக்க முடியுமா? இங்க பஸ் நிறுத்தத்துல வெடிச்சதை டிவியில பாத்து நாங்களும்தான் அழுதோம். எந்த ஊர்லயும் வெடிக்கக் கூடாது. அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

யாரும் சிரிக்கவில்லை. 'சரி' என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார் வாத்தியார். பாதிப் பேர் கையைத் தூக்குவதா, வேண்டாமா என்று காதைச் சொறிந்தார்கள். கடைசியில் 'சரி' அணி கொஞ்சம் வித்தியாசத்தில் தோற்றது. பட்டாணி அன்று மாலைவரை வெண்கலத்தோடு பேசவில்லை. அவனுக்கு அதுவே பெரிய சாதனை.

வீட்டில் அப்பா வழக்கம்போல நடந்துகொண்டிருந்தார். வெண்கலமும் அவர் பின்னாலேயே நடந்தாள்.

"அப்பா, நான் தோத்துட்டேன். அப்ப அண்ணன் அங்க எதுக்குப்பா இருக்கான்?"

அப்பா நின்றார்.

"தெரியலம்மா. பெரியவங்களே இன்னும் பேசி முடிக்கல. நான் வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி தினமும் கும்பிட்டுக்கறது ஒண்ணுதான். 'கடவுளே, அவன் நல்லா இருக்கணும், அவனால யாருக்கும் கெடுதல் வரக்கூடாது'ன்னு."

வெண்கலம் அம்மாவிடம் போனாள். "அம்மா, கண்ணாடிப் பைக்கு அடியில தனியா ஒரு பாக்கெட் வெச்சுத் தைக்க முடியுமா? புத்தகத்துல படாம, ஒரு ஜோடிச் சின்னச் செருப்பு வைக்கிற அளவுக்கு? வெளியேருந்து பாத்தா தெரியணும்."

"செருப்பா? பள்ளிக்கூடத்துக்கா?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா கத்தரிக்கோலை எடுத்தாள். அன்று மிஷின் தடதடவென்று ஓடிக்கொண்டே இருந்தது. வந்த நாள்முதல் இல்லாத வேகம்.

ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது. மிஷின் நின்றது. அப்பாவின் முகம் மலர்ந்தது. அண்ணன்தான்! லைன் கெட்டுப்போய் இரண்டு வாரம் பேச முடியவில்லையாம்.

வெண்கலம் மூச்சு விடாமல் விவாதம், கதவு, செருப்பு எல்லாவற்றையும் கொட்டினாள்.

"மெதுவா பேசு. இங்க பாதி முகாம் எழுந்திருச்சுடுச்சு" என்றான் அண்ணன். "இங்கயும் அந்தப் பொண்ணு மாதிரி, அவ தம்பி மாதிரி நிறையப் பசங்க இருக்காங்கடி. என்னைப் பாத்தாலே ஓடி ஒளியறாங்க."

"ஐயையோ. அப்ப நீ என்ன செய்வே?"

"தூரத்துலயே நின்னு கையை ஆட்டுவேன். நேத்து ஒருத்தன் திருப்பி ஆட்டினான்." "நீ அங்க அவங்களைப் பாத்துக்கோ. நான் இங்க இவங்களைப் பாத்துக்கறேன். சரியா?"

"சரி" என்றாள் வெண்கலம்.

திங்கள்கிழமை புதுப் பெண் புதுப் பையோடு வாசலில் நின்றாள். அடியில் தனிப் பாக்கெட். அதற்குள் பளிச்சென்று இரண்டு சிவப்புச் செருப்புகள். அவிழ்க்க முடிச்சு இல்லை. காவலாளி குனிந்து பார்த்தார்.

"அட, செருப்புக்குத் தனி வீடா? கதவு, ஜன்னல் எல்லாம் இல்லையா பாப்பா? போ, போ!"

முதல்முறையாக அவள் வரிசையிலேயே உள்ளே போனாள். பின்னால் நின்ற பட்டாணி, தன் ஒற்றைச் சாக்ஸைப் பார்த்துவிட்டு, "வெண்கலம், எனக்கும் ஒரு பாக்கெட் கெடைக்குமா?" என்றான்.

தினமும் காலையில் அந்தச் சிவப்புச் செருப்புகள் வாசலைத் தாண்டிப் போயின. மழைக்காலம் வந்து போனது. ஒருநாள் வரிசையில் தனக்கு முன்னால் நின்ற அந்தப் பெண்ணின் பையை வெண்கலம் தற்செயலாகப் பார்த்தாள். பாக்கெட்டில் செருப்பு இல்லை. அவளுக்குத் திக்கென்றது.

"செருப்பு எங்கடி?"

"அவன் கால்ல. இனிமே அவனே வாசல்ல விட்டுட்டு, மறக்காம மாட்டிக்குவானாம். இதை இடைவேளைக்குக் கொண்டு வரச் சொன்னான்."

சின்னச் செருப்புகளுக்காகத் தைத்த அந்த இடத்தில், உருண்டையாக, மஞ்சளாக, ஒரு ரப்பர் பந்து உட்கார்ந்திருந்தது.