கண்ணை அணைக்கச் சொன்னவள்

விழிக்குள் பொருத்திய படக்கருவியான விழிப்பதிவியை அணைக்க, கண்ணை இரண்டு முறை இறுக்கி மூடித் திறந்தால் போதும். தமயந்தி அணைத்துவிட்டு வங்கி மேலாளர் பூவரசனைப் பார்த்தாள்.

"நான் அணைச்சுட்டேனுங்க சார். இப்பவாச்சும் கீழ வாங்க."

"நீங்க ஒருத்தர் அணைச்சா ஆச்சுங்களா? வரிசையில இன்னும் நாலு பேரு நிக்கறாங்க."

கீழே ஆம்புலன்சில் அவள் கணவர் மயில்சாமி மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். ஓய்வுபெற்ற அரசுப் பேருந்து ஓட்டுநர். ஓய்வூதியக்காரர் ஆண்டுக்கொருமுறை வங்கிக்கு வந்து, தான் உயிரோடு இருப்பதாகக் கைரேகை வைக்க வேண்டும். இன்று மாலை ஐந்து மணிக்குள் வைக்காவிட்டால் மருத்துவக் காப்பீடு நிற்கும். நாளைய டயாலிசிஸும் நிற்கும். வங்கியோ மாடியில். அந்தப் படிக்கட்டில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது. கைரேகைக் கருவி உள்ளங்கை அளவுதான், ஆனால் அது கவுண்டரை விட்டு நகரக் கூடாது என்பது விதி.

விதி முன்பும் இருந்தது. பழைய மேலாளர் அருளானந்தம் அதைச் சட்டை செய்ததில்லை. நடக்க முடியாதவர் வந்திருக்கிறார் என்றால் முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கி, ஆட்டோவிலேயே கைரேகை வாங்கி வருவார். அதே மனிதர்தான் கவுண்டரில் எல்லோர் மீதும் எரிந்து விழுவார். அப்படி விழுந்த ஒரு நாளில் தமயந்தி அவரைப் படம்பிடித்தாள். வங்கிக்குள் படமெடுப்பது குற்றம் என்று போலீஸ் அவளைக் கூட்டிப்போனது. அவள் விடவில்லை. ஆட்களைத் திரட்டி வரிசையில் நின்று படமெடுத்தாள், உயர் நீதிமன்றம் வரை போனாள், வென்றாள். இனி யாரும் படமெடுக்கலாம்; அணைக்கச் சொல்லும் ஊழியருக்குத் தண்டனை; எடுத்த படத்தில் ஊழியர் விதி மீறினாரா என்று விதிகாணி என்ற இயந்திரம் அப்போதைக்கப்போதே சரிபார்க்கும்.

அவள் கேட்டது மரியாதை. அது குறைவில்லாமல் கிடைத்தது. ஆனால் விதிகாணிக்கு எரிந்து விழுவதும் மீறல், படியிறங்குவதும் மீறல். அருளானந்தத்தின் வேலை கடைசியில் போனது அவர் வாயால் அல்ல, ஆட்டோக்களுக்கு இறங்கியதால். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். அன்று அவர் வேலை போனதைக் கேட்டபோது தமயந்திக்கு உறைக்கவில்லை. இன்று உறைத்தது.

அவள் வரிசையின் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள்.

"கொஞ்ச நேரம் எல்லாரும் கண்ணை அணைச்சுக்குங்க. என்ற வூட்டுக்காரரு கீழ கெடக்கறாரு. சார் போய்ட்டு வந்துரட்டும்."

மூன்று பேர் தயங்கி, கண்களை இறுக்கித் திறந்தார்கள். நான்காவதாக நின்ற பள்ளி ஆசிரியை நந்தினியும் தலையாட்டினாள். பூவரசன் பெருமூச்சு விட்டுக் கருவியின் கம்பியைப் பிடுங்கினார்.

உடனே விதிகாணியின் சிவப்பு விளக்கு எரிந்தது. கவுண்டரின் கண்ணாடிக் கதவு தானாக இறங்கிப் பூட்டிக்கொண்டது.

நந்தினி அணைத்திருக்கவில்லை. அவள் முகம் மலர்ந்திருந்தது.

"அம்மா, நீங்க தமயந்தி அம்மாதானுங்க? உங்க வழக்கைத்தான் எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்தறேன். யாரு கெஞ்சுனாலும் வங்கிக்குள்ள கண்ணை அணைக்காதீங்கன்னு பசங்களுக்கு நாள் தவறாம சொல்றேனுங்க. எங்களைச் சோதிச்சுத்தானே பாத்தீங்க? நான் ஏமாறலீங்க!"

மற்ற மூவரும் அசட்டுச் சிரிப்போடு கைதட்டினார்கள்.

"சோதனை இல்லம்மா," என்றாள் தமயந்தி. ஜன்னல் பக்கம் கைகாட்டினாள்.

நந்தினி ஜன்னலருகே போய்க் கீழே பார்த்தாள். சிரிப்பு நின்றது. திரும்பி வந்து தமயந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்களை இறுக்கி மூடித் திறந்தாள். ஒருமுறைக்குப் பலமுறை மூடித் திறந்தாள்.

"தப்புப் பண்ணிட்டேனுங்க."

"நீ பண்ணலை கண்ணு. நான் சொல்லிக் குடுத்ததைத்தான் நீ செஞ்சே."

பூவரசன் தன் பணிநீக்க ஆணையைத் திரையில் படித்துக்கொண்டிருந்தார். கவுண்டர் இனி நாளைக்குத்தான் திறக்கும். தமயந்தி படியிறங்கி வண்டியில் ஏறியபோது, மயில்சாமி கண்திறந்து, வேலை முடிந்ததா என்று புருவத்தை உயர்த்திக் கேட்டார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

அவர் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோதே, மாலை ஐந்து மணிக்கு, சட்டப்படி இறந்துபோனார்.